நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை, அதாவது குழந்தைகள் காப்பகத்தை, பொறுப்பெடுத்திருப்பவள் அவள்தான்.

“டீச்சர், ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். இனிமே தோட்டத்துல பேர் போடாதவங்க புள்ளைகளையும் சேத்துக்கலாமாம். இரத்தோட்டைக்கு, மாத்தளைக்கு வேலைக்குப் போறவங்க புள்ளைங்க. அந்தி ஆறரை வரைக்கும் தொறந்து வைக்கச் சொல்லிட்டாங்க. அந்த நேரத்துக்குன்னு இன்னொரு ஆயாவுக்குக் கவர்மெண்டே சம்பளம் குடுக்குதாம்.”

“நல்லதும்மா,” என்றேன்.

“என்னா டீச்சர், சத்தத்தையே காணோம்? நீங்க துள்ளிக் குதிப்பீங்கன்னு நெனைச்சேன்.”

சந்தோஷம்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த ஆறரை என்ற வார்த்தை எங்கோ போய்த் தைத்துவிட்டது. அவள் தொடர்ந்து பேசினாள். புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு வகுப்பு நடக்கப் போகிறதாம். “நாலரைக்கு மேல நீங்க ஒரு புள்ளைய வச்சிருந்தீங்கன்னு முனியம்மா ஆயா சொல்லுவாங்க. அத எழுதித் தாங்க டீச்சர், நான் வாசிச்சுக் காட்டுறேன்” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். வகுப்புக்கு இது உதவுமா என்று எனக்குத் தெரியாது.

பெயர்ப்பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று மூன்று மொழியிலும் இருக்கும். ஆனால் அதை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது புள்ளக் காம்பரா. இரத்தோட்டையிலிருந்து வரும் பஸ் திரும்பும் சந்திக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில், பச்சைக் கதவு போட்ட நீளமான கட்டடம். அதை ஒட்டியே எனக்குக் குவாட்டர்ஸ். கலியாணமாகி வந்த கொஞ்ச காலத்தில் வேலை கிடைத்தது. கண்டியில் சில மாதம் பயிற்சி தந்தார்கள். பொம்மையைக் குளிப்பாட்டப் பழக்கினார்கள். பொம்மை அழவில்லை, உதைக்கவில்லை, சோப்புக் கையிலிருந்து வழுக்கவும் இல்லை. மீதியைப் பிள்ளைகள்தான் பழக்கினார்கள்.

காலையில் நானும் முனியம்மா ஆயாவும் தரையைத் துடைத்துப் பாய்களை விரித்துவிட்டு வாசலில் நிற்போம். தாய்மார் கொழுந்துக் கூடையும் பிள்ளையுமாக வருவார்கள். பிள்ளையைக் கையில் வாங்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட வேண்டும். புறங்கையால் நெற்றியைத் தொடுவது, காதுக்குப் பின்னால், நகத்துக்குள், நாக்கில், தொடை இடுக்கில். இரவு தூங்கியதா, என்ன சாப்பிட்டது என்று கேட்பது. பிறகு வீட்டு உடுப்பைக் கழற்றி எங்கள் உடுப்பைப் போடுவது. இதெல்லாம் முடிவதற்குள் தாய் மலை ஏறியிருப்பாள். கைக்குழந்தைக்காரிகள் நடுவில் ஒரு தடவை இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். மத்தியானம் சோறு, பருப்பு, கீரை. பிறகு எல்லாம் தூங்கும். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் மத்தியானங்களில் என் வீட்டில் அந்த மூச்சுச் சத்தம் இல்லாதது எனக்குக் கேட்கிறது.

பேர் போடுவது என்றால் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பதிவது. தாய் பேர் போட்டால் பிள்ளைக்கு அன்று இடம் உண்டு. அரசாங்கம் தந்த பகல் சாப்பாடு, பால்மா, பராமரிப்பு நேரம் எல்லாம் அந்தப் பேரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நாலு மணிக்குக் கடைசிக் கொழுந்து நிறுப்பார்கள், நாலரைக்குத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், நாங்கள் கதவைப் பூட்டுவோம். மலையில் வேலை செய்யும் தாய்க்கென்று வகுத்த நேரம் அது. அப்படியில்லாத ஒருவர் வந்து நிற்பார் என்று வகுத்தவர்கள் யாரும் நினைக்கவில்லை.

யோகராஜ் வந்து நின்றது ஒரு மழைக் காலையில். நனைந்த சட்டை, தோளில் தூங்கும் பெண் குழந்தை, சட்டைப் பையில் பால் போத்தல். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்.

“டீச்சர், இவளோட அம்மா குவைத்துல,” என்றார். “எங்க அக்காதான் பாத்துக்கிட்டிருந்திச்சு. அதுக்குப் பல்லேகமயில கலியாணம் முடிஞ்சு போயிருச்சு. புள்ளய வச்சிக்கிறீங்களா?”

“நீங்க மலையிலயா வேல?”

“இல்லீங்க. இரத்தோட்டையில கராம்புக் கடையில. மூட்ட தூக்குறது, காயப் போடுறது, சலிக்கிறது.”

“அம்மா பேர் போட்டாத்தான் புள்ளய எடுக்க ஏலும்,” என்றேன். வழக்கமாகச் சொல்லும் பதில், யோசிக்காமலே வந்தது.

அவர் கோபப்படவில்லை. தெரியாமல்தான் கேட்டார். “அப்பா பேர்ல எடுக்க ஏலாதா டீச்சர்? நானுந்தான வேல செய்றேன்.”

பஸ் கீழே ஹோர்ன் அடித்தது. அவர் முகம் பஸ் பக்கமும் என் பக்கமும் திரும்பியது. கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். தூக்கத்திலேயே என் கழுத்தில் முகத்தை வைத்தது. உடுப்பு முழுக்கக் கராம்பு வாசம்.

“தொர கேட்டா என்னா சொல்றது?” என்றாள் முனியம்மா ஆயா.

“கேக்கும்போது பாப்போம்.”

குழந்தையின் பெயர் கவிஷா. தாய் புஷ்பலதா. சிறு பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போவதற்குத் தடை வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். லயத்தை விட்டு வெளியே ஒரு துண்டு நிலம், அதில் சொந்தமாக நாலு சுவர். அதற்காக அவள் போயிருந்தாள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குச் செய்தி போக அதிக நாள் ஆகவில்லை. கூப்பிட்டனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். முன்பு அவர் இருந்த தோட்டத்தில், நேரத்துக்குப் பிறகும் காம்பராவில் நின்ற ஒரு பிள்ளை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் விழுந்து இறந்துவிட்டது. பதிவில்லாத பிள்ளை. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்திருந்தார்.

“என்னய கல்லுன்னு நெனைக்காதீங்க டீச்சர்,” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “அந்தப் புள்ளயோட தகப்பன் வந்து நின்னது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. இந்தக் கெழம முடியிற வரைக்கும் வச்சிக்கோங்க. அதுக்குள்ள கவர்மெண்டு பக்கம் ஏதாவது வழி இருந்தா கொண்டு வாங்க.”

அரசாங்கப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். பிரதேச செயலகத்தில் சிறுபிள்ளைகள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சுனேத்ரா மிஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மற்ற அதிகாரிகள் மேற்பார்வைக்கு வந்தால் ஜீப் சத்தம் முதலில் வரும். சுனேத்ரா மிஸ் பஸ்ஸில் வந்து, குடையை வெளியே விரித்து வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே பின்பக்கம் போய்க் கை கழுவுவார். பிறகு எங்களோடு ஒரு வார்த்தையும் பேசாமல் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வார். எந்தப் பிள்ளையையும் கூப்பிட மாட்டார், தூக்க மாட்டார். ஏதாவது ஒரு பிள்ளை தானாக வந்து அவர் வளையலைத் தொடும் வரை அப்படியே இருப்பார். சில நாள் நெடுநேரம் ஆகும். “பிள்ளை பயம் இல்லாம புது ஆள்கிட்ட வந்தா, இந்த எடம் நல்ல எடம்,” என்பார். அதற்குப் பிறகுதான் பையைத் திறப்பார். போகும் முன் பருப்புச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்ப்பார். உப்புக் கூடினால் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சுருக்குவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

நானும் யோகராஜும் குழந்தையோடு போய் அவர் மேசை முன் நின்றோம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் “பலமு” என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் பலமு சொன்னால் இன்னொரு நாள் வா என்று அர்த்தம். இவர் சொல்லிக்கொண்டே குடையை எடுத்துவிட்டார்.

வேண்டியவை இவை: தகப்பன் அங்கேதான் குடியிருக்கிறார் என்று கிராம சேவகரின் உறுதி, பிள்ளையின் சுகாதார அட்டையில் மருத்துவமாதின் கையெழுத்து, வேலை நேரம் பற்றி முதலாளியின் கடிதம், கடைசியாகத் துரையின் சம்மதம். கிராம சேவகரிடமே சிக்கல் வந்தது. லயத்துக் காம்பரா என்பது ஒற்றை அறை, அதற்கு வீட்டு இலக்கம் கிடையாது. இலக்கம் இல்லாத இடத்தில் ஒருவர் குடியிருப்பதாக எப்படி எழுதுவது என்று அவர் பேனாவை வைத்துவிட்டார். சுனேத்ரா மிஸ் அவரையே லயத்துக்கு அழைத்து வந்து, யோகராஜின் காம்பரா வாசலில் நிறுத்தி, “இப்ப எழுதுங்க,” என்றார். ஒவ்வொன்றுக்கும் யோகராஜ் அலைந்திருந்தால் வேலையே போயிருக்கும். “நமக்குச் சம்பளம் அலையிறதுக்கும் சேத்துத்தான்,” என்று மிஸ் என்னிடம் சொன்னார். “அப்பா பிள்ளையைத் தூக்கிட்டு அலையக் கூடாது.”

கராம்புக் கடைக்கும் அவரோடு போனேன். முதலாளி ஹாஜியார் வாசலில் விரித்திருந்த கராம்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“கடிதம் தாறதுக்கு என்ன நோனா, தாறன். ஆனா பொய் எழுத மாட்டன். அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தித்தான் கடை பூட்டுற. அதுக்கு முன்னுக்கு இவன அனுப்பினா சாமான யார் உள்ளுக்கு எடுக்கிற? ஒரு மழை பேஞ்சாக் காணும், எல்லாம் நனஞ்சி முடிஞ்சி.”

“உள்ளபடி எழுதுங்க,” என்றார் மிஸ்.

ஆறு மணிக்கு வேலை முடியும் என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகுதான் பஸ். மலை ஏறி வர ஆறரை.

துரையின் அறையில் எல்லாவற்றையும் வைத்தபோது அவர் மறுக்கவில்லை. “நாலரை வரைக்கும் சரி. கவர்மெண்டு நேரம். ஏதாவது நடந்தா நீங்க பொறுப்பு நிப்பீங்களா மிஸ்?”

“நிப்பேன். எழுதித் தர்றேன்.”

“நாலரைக்குப் பிறகு?”

சுனேத்ரா மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குக் கோபமில்லை. அந்த நேரத்துக்கு அரசாங்கத்திடம் ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை.

“நாலரைக்குக் கதவப் பூட்டிருவேன் சேர்,” என்றேன். “அதுக்கப்புறம் புள்ள என்னோட குவாட்டர்ஸ்ல இருக்கும்.”

துரை என்னையே பார்த்தார். “அது ஒங்க வீட்டு விசயம்,” என்றார். எனக்கு அது போதும்.

எனக்கு இரண்டு பையன்கள். அப்போது இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகையால் நான் எழுதப் போவதைப் பிள்ளை இல்லாதவளின் ஏக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு எல்லாம் இருந்தது. இருந்தும் அந்த இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

காம்பராவில் கவிஷா எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு பிள்ளை. அங்கே நான் யாரையும் அதிகமாகத் தூக்கியதில்லை, குறைவாகத் தூக்கியதும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதும் அவள் கையை நீட்டுவாள். அதோடு வேறு மாதிரியாகிவிடும். என் முன்தானையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வருவாள். நான் அரிசி களைந்தால் அவளும் ஒரு சிரட்டையில் தண்ணீர் கேட்பாள். பையன்கள் பாடம் படிக்கும் மேசைக்கடியில் உட்கார்ந்து அவர்கள் கால்விரல்களை எண்ணுகிற மாதிரி ஏதோ முணுமுணுப்பாள். வெயில் இறங்கினால் படிக்கட்டுக்குப் போய்விடுவோம். கீழ் வளைவில் பஸ் ஹோர்ன் அடித்ததும் எழுந்து நின்று “அப்பா பஸ்” என்பாள். யோகராஜ் மேலே ஏறி வரும்போதே கராம்பு வாசம் முன்னால் வந்துவிடும்.

அவள் என்னை அம்மா என்றது ஒரு சாயங்காலம், நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபோது. முதுகுக்குப் பின்னால் “அம்மா” என்று கேட்டது. “என்னா கண்ணு,” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பையன்கள் இருவரும் இன்னும் டியூஷன் முடிந்து வரவில்லை, கூப்பிட்டது கவிஷா என்பது உறைத்தது.

உட்கார்ந்து அவள் தாடையைப் பிடித்து, “டீச்சர். நான் டீச்சர்,” என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் என் வாயைக் கவனமாகப் பார்த்தாள். “டீச்சம்மா,” என்றாள். அதற்கு மேல் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சுனேத்ரா மிஸ் ஒரு நாள் வேலை முடியும் நேரமாகப் பார்த்து வந்தார். எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். கவிஷா என் மடியில் இருந்தாள்.

“மிஸிஸ் ஜெசிந்தா, இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கு. வரும்.”

“தெரியும் மிஸ். அவகிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நீங்க சொல்றது வாய்,” என்றார் மெதுவாக. “நான் பாக்கிறது கை.”

குனிந்து பார்த்தேன். என் கை அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. அதைக் கோத நான் நினைத்திருக்கவேயில்லை.

மறுநாள் யோகராஜிடம் புஷ்பலதாவின் படம் கேட்டேன். கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தார். சிரிக்காத முகம், இறுக்கிப் பின்னிய தலை. சமையலறைச் சுவரில் கவிஷாவின் கண் உயரத்துக்கு ஒட்டினேன். தினமும் பஸ் வருவதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன்.

“இது யாரு?”

“அம்மா.”

“அம்மா வருவாங்களா?”

“வருவாங்க.”

வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து அழைப்பு வரும். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு யோகராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு போவார். போனைக் காதில் வைத்தால் பேச மாட்டாள், உற்றுக் கேட்பாள். “மூச்சு சத்தம் கேக்குது, அது போதும்னு இவ அம்மா அங்க அழுகுது டீச்சர்,” என்று யோகராஜ் என்னிடம் சொன்னார். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருடம் என்று போனவள் நிலத்துக்கு இன்னும் போதாமல் மேலும் கொஞ்ச காலம் நின்றாள். அந்தச் செய்தி வந்தபோது என் மனதுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டது. அதை அடக்கிக்கொண்டு படத்தைக் காட்டுவதை ஒரு நாள்கூட விடாமல் செய்தேன்.

புஷ்பலதா வந்தது நல்ல வெயில் நேரத்தில். விமான நிலையத்திலிருந்து வந்த வேனை லயத்துக்கு விடாமல் நேரே பிள்ளைக் காம்பரா வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். வாசலில் நின்று அத்தனை பிள்ளைகளிலும் தேடி, கண்டுபிடித்து, “கவிஷா,” என்றாள்.

கவிஷா ஓடி வந்து என் சேலைக்குப் பின்னால் நின்றாள்.

“கவிஷா, அம்மா வந்துட்டாங்க பாரு,” என்றேன்.

அவள் என் குவாட்டர்ஸ் பக்கம் கையை நீட்டினாள். “அம்மா செவுத்துல இருக்கு,” என்றாள்.

புஷ்பலதா அழவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி தாங்க டீச்சர்,” என்றாள்.

அன்று யோகராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காய்ச்சல், வாந்தி. புஷ்பலதா விடிந்ததும் என் வாசலுக்கு வந்தாள்.

“என்னா பண்ணி வச்சிருக்கீங்க எம்புள்ளய? எங் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. ஒங்க பேரச் சொல்லித்தான் அழுகுது.”

சுவரில் அவள் படம் இருப்பதைக் காட்டலாம் என்று தோன்றியது. காட்டவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை.

நான் சொல்லியனுப்பி சுனேத்ரா மிஸ் வந்தார். எங்கள் இருவரையும் எதிரெதிரே பாயில் உட்கார வைத்தார். “புதுப் பிள்ளை காம்பராவுக்கு வந்தா என்ன செய்வீங்க?” என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். முதல் நாள் தாயும் கூடவே இருப்பாள். அடுத்த நாள் ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் வெளியே போய் வருவாள். பிறகு இன்னும் கொஞ்சம். களவாக நழுவக் கூடாது, அழுதாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொன்னபடி திரும்பி வர வேண்டும். இப்படித்தான் பிள்ளை தாயை விட்டு எங்களிடம் பழகும்.

“அதைத் திருப்பிச் செய்வோம்,” என்றார். “அம்மா தினமும் இங்க வரட்டும். உக்காரட்டும். நீங்க கொஞ்சம் கொஞ்சமா போங்க.”

அப்படியே செய்தோம். புஷ்பலதா காலையில் வந்து பாயில் உட்கார்ந்து, கவிஷாவுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, துவைத்த சின்ன உடுப்புகளை மடிப்பாள். பார்க்க மாட்டாள், கூப்பிட மாட்டாள். மற்றப் பிள்ளைகளோடு பேசுவாள். நான் கவிஷாவிடம், “டீச்சர் போயிட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். திரிபோஷச் சத்துமாவுப் பைகளுக்கு நடுவில் நிற்பேன். முதல் நாட்களில் “டீச்சம்மா, டீச்சம்மா” என்று கதவில் கை தட்டினாள். அந்தச் சின்னக் கை தட்டும் சத்தம் என் முழங்கால் உயரத்தில் வந்துகொண்டிருந்தது. முனியம்மா ஆயா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பாள். “போகாதீங்க. கொஞ்சம் பொறுங்க,” என்று காதுக்குள் சொல்வாள்.

பிறகு தட்டுவது குறைந்தது. ஒரு நாள் புஷ்பலதா மடித்து வைத்த உடுப்பைக் கவிஷா கலைத்துவிட்டாள். புஷ்பலதா ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்தாள். திரும்பவும் கலைத்தாள். சாமான் அறைக்குள் எனக்குக் கேட்டது அழுகையல்ல, சிரிப்பு. அவளுடையதும் புஷ்பலதாவுடையதும் கலந்து வந்தது. வேலை பலித்துவிட்டது என்று தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த வேலையில் அதைவிடச் சரியாக ஒன்றைச் செய்ததாக நினைவில்லை. அதைவிட வலித்ததும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் நாலரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். கவிஷா தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு லயத்து வழியில் இறங்கிக்கொண்டிருந்தாள். வழியில் கிடந்த ஏதோ ஒன்றைக் குனிந்து எடுத்துத் தாயிடம் காட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனையும் செய்தோம். இருந்தாலும் வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பலாபத்வலப் பக்கம் நிலம் வாங்கிச் சின்னதாக வீடு கட்டினார்கள். லேண்ட் மாஸ்டர் டிராக்டரில் சாமான் ஏற்றிய அன்று புஷ்பலதா என் கையைப் பிடித்தாள். கவிஷா முன்னால் தாய் மடியில் உட்கார்ந்து ஹோர்னை அமுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். “டீச்சருக்கு டாட்டா சொல்லு,” என்றார் யோகராஜ். சொன்னாள். லேண்ட் மாஸ்டரின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, கை அசைந்தது தெரிந்தது.

அடுத்த தடவை வந்த சுனேத்ரா மிஸ் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாயில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு புதுப் பிள்ளை தவழ்ந்து வந்து வளையலைத் தொடும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு எத்தனையோ பிள்ளைகள். எல்லோரையும் ஒரே மாதிரித் தூக்கினேன். நாலரைக்குப் பிறகு வீடு நிறைய நேரம் மிச்சமாகக் கிடந்தது. வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை அதை என்ன செய்வதென்று எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் நாவுலயில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்குப் போவதற்காக மாத்தளையில் பஸ் ஏறினேன். சரியான கூட்டம். பள்ளிக்கூட உடுப்பில் இருந்த ஒரு பெண் எழுந்து, “இருங்க ஆன்ட்டி,” என்று இடம் தந்தாள். உயரமான பிள்ளை, இரட்டைப் பின்னல். பக்கத்து இருக்கையிலிருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று என் கையைப் பிடித்தாள். புஷ்பலதா. தலை நரைத்திருந்தது.

“கவி, இவங்கதான் ஒன்னய சின்னதுல பாத்துக்கிட்ட டீச்சர்.”

“வணக்கம் டீச்சர்,” என்றாள் அந்தப் பெண். நல்ல சிரிப்பு. எந்த டீச்சருக்கும் சிரிக்கும் சிரிப்பு. என்ன படிக்கிறாள் என்று கேட்டேன், சொன்னாள். அதற்குள் முன்பக்கத்திலிருந்து சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள், போய்விட்டாள்.

பஸ் புறப்பட்டது. “அவளுக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல டீச்சர்,” என்றாள் புஷ்பலதா.

“இல்லாதது நல்லதுதான்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “குவைத்துல நான் பாத்ததும் ஒரு பொம்பளப் புள்ளதான் டீச்சர். ரீம்னு பேரு. பொறந்து கொஞ்ச நாள்ல என் கையில குடுத்தாங்க. மொதமொதலா மாமான்னு, அவங்க பாஷையில அம்மான்னு, கூப்பிட்டது என்னயத்தான். வர்ற அன்னைக்கு அதுகிட்ட சொல்லிட்டு வர விடல. அது தூங்கும்போதே வெளிக்கிடச் சொல்லிட்டாங்க.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “இங்க வந்து ஒங்க வாசல்ல நின்னு கத்துனேனே, அப்ப எனக்கு இருந்தது கோவம் இல்ல டீச்சர். நம்ம புள்ள ஒங்களத் தேடி அழுவுறதப் பாக்கப் பாக்க, அங்க அது எப்பிடி அழுதுக்கிட்டிருக்குமோன்னுதான் இருந்திச்சு.”

அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

“ஒங்களுக்காவது இன்னைக்குப் பாக்கக் கெடைச்சிச்சு,” என்றாள்.

பலாபத்வல வந்தது. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே முன்பக்கத்திலிருந்து, அத்தனை சத்தத்துக்கும் மேலே, “அம்மா” என்று குரல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.